அண்ணன் எடுத்துப்போன அம்மன் சிலை: புகாருக்கு முன் பதிவுச் சான்றைத் தேடுங்கள்

கேள்வி: பாபநாசம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டுப் பூஜையறையில் மூன்று தலைமுறையாக ஒன்றரை அடி உயர ஐம்பொன் அம்மன் சிலை இருந்தது. அப்பா, அம்மா இருவரும் இல்லை. பிள்ளைகள் நானும் அண்ணனும்தான். போன தை மாதம் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சிலையைச் சென்னைக்கு எடுத்துப் போய்விட்டார். லண்டன் ஏலத்தில் 40 லட்சம் போகும் என்று ஒரு ஏஜென்ட் சொல்லி, 50,000 ரூபாய் முன்பணமும் கொடுத்திருக்கிறாராம். கேட்கப் போனால், "கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு சாமியில என்ன பங்கு?" என்கிறார் அண்ணி. 'சோழர் காலத்துச் சிலை, மதிப்பு 40 லட்சம், திருடு போய்விட்டது' என்று போலீஸ் புகார் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா? என் பங்கு கிடைக்குமா?

பதில்: அந்த வாசகத்தோடு கொடுக்காதீர்கள்.

பங்கு விஷயம் ஒரு வரி. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் உங்களுக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. கல்யாணம் செய்து கொடுத்தது, சீர் செய்தது, அண்ணி பேசியது எதுவும் அந்தக் கணக்கில் வராது. அண்ணி பேசியதற்காக வருத்தப்படலாம், வழக்குப் போட முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தச் சிலைக்குத் தொல்பொருள் பதிவுச் சான்று இருக்கிறதா?

1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1976 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. 100 ஆண்டு தாண்டிய உலோகச் சிற்பத்தை வீட்டில் வைத்துக் கும்பிடலாம், ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றில் சிலையின் புகைப்படமே ஒட்டியிருக்கும். தாத்தாவின் பத்திரப் பெட்டி, அப்பாவின் எல்.ஐ.சி. ஃபைல் என்று எல்லாவற்றையும் கொட்டித் தேடுங்கள். சான்று கிடைத்தால் உங்கள் நிலைமை பாதி சரி. இருவர் பெயருக்கும் மாற்றிக்கொண்டு பங்கு பேசலாம். கிடைக்காவிட்டால், நீங்கள் எழுதி வைத்திருக்கும் புகார் அண்ணனை மட்டும் மாட்டிவிடும் காகிதமல்ல. 'எங்கள் குடும்பம் சோழர் காலத்துச் சிலையைப் பதிவில்லாமல் வைத்திருந்தது' என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்குமூலம். பதிவு செய்யாததற்கு 25-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதைவிடப் பெரியது, சிலையே பறிமுதலுக்கு உள்ளாகும். பாதிப் பங்கு கேட்டுப் போன இடத்தில் முழுச் சிலையும் போய்விடும்.

சாதாரணமாக, கூட்டுச் சொத்தை ஒரு பங்காளி எடுத்துப்போனதாகச் சொன்னால் ஸ்டேஷனில் 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்புவார்கள். 'சிலை', 'சோழர்', 'லண்டன்' என்ற மூன்று சொல்லும் ஒரே தாளில் வந்தால் அனுப்ப மாட்டார்கள். அது சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போகும். அங்கே முதல் கேள்வி அண்ணன் எப்படி எடுத்தார் என்பதாக இருக்காது. உங்கள் தாத்தாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதாக இருக்கும். சிலை கும்பகோணம் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்கும் போகும். அதன்பிறகு வீட்டுக்குத் திரும்ப வர எத்தனை ஆண்டு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

'பரம்பரையாக இருந்தது' என்ற பதில் மட்டும் போதாது. பழைய பாகப் பத்திரத்தில் பூஜை சாமான் என்று குறிப்பு இருக்கிறதா, பெற்றோர் கல்யாணப் படத்தில் பின்னால் சிலை தெரிகிறதா, தாத்தா காலத்துச் செலவுக் கணக்கில் அபிஷேகச் செலவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இவைதான் ஆதாரம். ஊர்ப் பெரியவர் நான்கு பேரின் கடிதம் ஆதாரமல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். சிலை அண்ணனிடம் இருப்பதால் பீடத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பீடத்தில் கம்பு செருகத் துளையோ பக்கவாட்டில் வளையமோ இருந்தால், அது தோளில் தூக்கிப் புறப்பாடு செய்த உற்சவர். வீட்டுப் பூஜைக்கு வார்த்த சிலைக்கு அந்தத் துளை தேவையில்லை, பெரும்பாலும் அளவும் சிறியது. பீடத்தில் ஊர்ப் பெயரோ எழுத்தோ இருந்தால் விஷயம் இன்னும் தீவிரம். கோயில் சிலை என்று ஆகிவிட்டால் பதிவு, பங்கு எல்லாம் பின்னுக்குப் போய்விடும். திருடனிடம் வாங்கியவருக்குத் திருடனுக்கு இருந்த உரிமைதான், அதாவது ஒன்றும் இல்லை. பத்தூர் கோயில் நடராஜர் சிலையை 1982-இல் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கிய கனடா நிறுவனம் லண்டன் வழக்கில் தோற்றது. 1991-இல் மேல்முறையீட்டிலும் கோயிலின் உரிமைதான் நின்றது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழகக் கோயில் சிலைகளின் பழைய படங்கள் ஏராளமாக இருக்கின்றன. சிலையை அடையாளம் காண அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்றும் அண்ணனிடம் சொல்லுங்கள். பாசி படிந்த மேற்பரப்புதான் காலத்துக்குச் சாட்சி. தேய்த்தால் விலையும் போகும், 'எதை மறைத்தீர்கள்' என்ற கேள்வியும் வரும்.

இப்போது ஏஜென்ட். வழக்கோடு வருபவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

தொல்பொருளை ஏற்றுமதி செய்யும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டுமே. பதிவு இருந்தாலும் தனியார் அனுப்ப முடியாது. அனுப்பினாலும், அனுப்ப முயன்றாலும் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறை, அபராதம். சுங்கச் சட்டம் தனி. எனவே 'லண்டன் ஏலம்' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு முன்னால் இரண்டே வழி.

முதல் வழி, 'தொல்பொருள் அல்ல' என்று தொல்லியல் துறை தரும் சான்றை ஏமாற்றி வாங்குவது. ஒரே சாயலில் சுவாமிமலையில் புதிதாக ஒன்று வார்த்து, அதைக் காட்டிச் சான்று வாங்கி, பெட்டியில் பழையதை வைப்பது. இரண்டாவது, 1972-க்கு முன்பே சிலை நாட்டைவிட்டுப் போய்விட்டதாக ஒரு கடிதம் தயாரிப்பது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியதும் இப்படி ஒரு பொய் வரலாற்றை நம்பித்தான். 2014-இல் அது திரும்பி வந்தது. அதை விற்ற சுபாஷ் கபூருக்கு வேறொரு வழக்கில், உடையார்பாளையம் கோயில் திருட்டில், 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. அந்தக் கடிதத்தில் 'குடும்பத்தார் கையெழுத்து' என்று ஒரு இடம் விடுவார்கள். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் அண்ணன். சமாதானத்துக்கு உங்களையும் போடச் சொல்வார். போடாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஏஜென்ட் வெறும் மோசடிக்காரர். இன்று 50,000 கொடுப்பார், அடுத்த மாதம் 'மதிப்பீட்டுக் கட்டணம்', 'கஸ்டம்ஸ் கிளியரன்ஸ்' என்று ஐந்து லட்சம் கேட்பார். அரிசியை இழுக்கும் அதிசயக் கலசம் என்று ஏமாற்றி 'ரைஸ் புல்லிங்' கலசம் விற்ற கூட்டத்தின் சித்தப்பா பிள்ளைகள்தான் இவர்கள்.

எதுவானாலும் அந்த முன்பணம் திரும்பப் போக வேண்டும். ரொக்கமாக அல்ல, வங்கி வழியாக. 'சிலை விற்பனைக்கு இல்லை, ஏற்றுமதிக்குச் சம்மதமில்லை' என்று எழுத்திலும் ஒரு வரி போக வேண்டும். சட்டவிரோத ஏற்றுமதிக்கான ஒப்பந்தம் செல்லாது என்பதால், 'பேச்சு மாறினால் கேஸ் போடுவேன்' என்ற மிரட்டலுக்கு அண்ணன் பயப்பட வேண்டியதில்லை. பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் ஆபத்து.

ஆக, அண்ணனுடன் சமாதானமாகப் போங்கள். இந்த வழக்கில் நீங்கள் ஜெயித்தால் இருவரும் தோற்பீர்கள். வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்புங்கள்: இன்ன உயரம், இன்ன எடை உள்ள உலோகத் திருமேனி, கூட்டுச் சொத்து, விற்கவோ வெளியே அனுப்பவோ கூடாது, 15 நாளுக்குள் வீட்டுக்கு வர வேண்டும். காலமும் மதிப்பும் எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரியாததை ஏன் எழுத வேண்டும்? ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் தொல்லியல் துறைக்குத்தான். ஏஜென்ட் சொல்லும் 'சோழர்' சட்டப்படி வெறும் பேச்சு. நூறு ஆண்டுகூட ஆகாத சிலையாக இருக்கவும் வாய்ப்புண்டு.

சிலை வந்ததும் இருவரும் சேர்ந்து, வீட்டு ஆதாரங்களையும் தாமதத்துக்கான காரணத்தையும் இணைத்துப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பீடத்தில் கோயில் அடையாளம் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன் வக்கீலுடன் உட்கார்ந்து, தாமாக ஒப்படைப்பது பற்றி முடிவெடுங்கள். பதிவாகிவிட்டால் இந்தியாவுக்குள், இந்தியாவிலேயே வைத்திருக்கப்போகிறவருக்கு முறைப்படி விற்கலாம். உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் பட்டியலிலேயே 'ஏற்றுமதிக்கில்லை' என்று அச்சிட்டுத்தான் விற்கின்றன. வாங்குவோர் குறைவு என்பதால் லண்டன் விலை வராது. விற்க மனமில்லை என்றால் ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்கு நிலத்திலோ நகையிலோ ஈடு கட்டுங்கள். குடும்ப ஏற்பாட்டுப் பத்திரத்தில் சிலையின் படம், எடை, உயரம், பதிவு எண், யார் வீட்டில் இருக்கும், ஆடி வெள்ளிக்கு மற்றவர் வந்து கும்பிடலாமா என்பதுவரை எழுதிவிடுங்கள்.