டிசம்பர்ல நிலாவெளி வேணாம், தெற்குப் பக்கம் போங்க

அம்மாவையும் 5 வயசுப் பையனையும் கூட்டிட்டு டிசம்பர்ல இலங்கையோட கிழக்குக் கரைல, திருகோணமலை பக்கத்துல இருக்குற நிலாவெளி பீச்சுக்குப் போலாமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு அந்த மாசம் வேணாம் ப்ரோ, நம்ம சென்னைய நனைக்கிற அதே வடகிழக்குப் பருவமழைதான் திருகோணமலை, பாசிக்குடான்னு அந்தக் கிழக்குக் கரை பூராவும் கொட்டும், கடலும் கொந்தளிப்பா இருக்கும். அந்தப் பக்கத்துக்கு மே, ஜூன் நல்லது.

இப்போ தெற்கு. மிரிஸ்ஸ பீச் அழகுதான், ஆனா அலை இழுக்கும், உங்களுக்கு மாத்தறை பக்கத்துல இருக்குற பொல்ஹேன பீச்தான் சரியா வரும், பவளப்பாறை அலைய வெளியவே தடுத்துடும், மெரினால கால் நனைக்கவே பயப்படுற எங்கம்மா அங்க புடவையோட முழங்கால் தண்ணில உக்காந்து கையால மீன் புடிக்கப் பாத்தாங்க. பாறை கால கிழிச்சிடும், பையனுக்கு ரப்பர் செருப்பு கண்டிப்பா எடுத்துக்கோங்க. கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல மாத்தறை ரயில் ஏறினா வலது பக்கம் ஜன்னல் சீட் புடிங்க, கடல ஒட்டியே போகும்.