பிளஞ்சரை மாற்றிப் போடலாமா?

கேள்வி: மணலியில் ஒரு கரைப்பான் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். 10 மைக்ரோலிட்டர் சிரிஞ்சின் பிளஞ்சர் வளைந்துவிட்டதால், குழல் உடைந்த இன்னொரு சிரிஞ்சின் பிளஞ்சரை எடுத்துப் போட்டேன். கேஸ் குரோமட்டோகிராஃபில் (மாதிரியை ஆவியாக்கி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) 1 மைக்ரோலிட்டர் செலுத்தினால் பீக் பரப்பு, அதாவது பொருளின் அளவைக் காட்டும் வரைபட மேட்டின் பரப்பு, ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது. பாரிமுனைக் கடைகளில் பிளஞ்சர் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

பதில்: கிடைத்தாலும் வாங்காதீர்கள். இவ்வகைச் சிரிஞ்சில் ரப்பர் வாஷர் கிடையாது. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த உள்விட்டமுள்ள குழலுக்கு ஏற்றபடி இழைத்துச் சேர்த்த கம்பிதான் பிளஞ்சர்; அந்த நெருக்கமே கசிவைத் தடுக்கிறது. ஒரே நிறுவனம், ஒரே அளவு என்றாலும் அடுத்ததன் கம்பி இறுகும், அல்லது தளரும். தளர்ந்தால், கருவியின் வாயை அடைத்திருக்கும் ரப்பர் வில்லையான செப்டத்தை ஊசி துளைத்ததும் உள்ளிருக்கும் அழுத்தம் மாதிரியைக் கம்பியை ஒட்டிப் பின்னால் தள்ளிவிடும். செலுத்தி முடித்ததும் கம்பியின் மேல்பகுதியைப் பாருங்கள், ஈரம் தெரியும். தனியாக விற்கும் பிளஞ்சர்கள் பெரும்பாலும் நுனியில் டெஃப்லான் வைத்த கேஸ்-டைட் (வாயு கசியாத) வகைக்கானவை.

ஆனால் பழியை எல்லாம் பிளஞ்சர் மேல் போட வேண்டாம். ஊசியின் துளை 0.13 மி.மீ., நீளம் 51 மி.மீ. என்றால், ஊசிக்குள் மட்டுமே சுமார் 0.7 மைக்ரோலிட்டர் நிற்கும். நீங்கள் அளப்பதோ 1! கருவியின் சூடான இன்லெட்டில் (மாதிரி ஆவியாகும் நுழைவாயில்) ஊசியிலிருப்பதும் கொதித்து வெளியேறும். எவ்வளவு என்பது ஊசி எத்தனை நொடி உள்ளே இருந்தது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் மாதிரியை இழுத்தபின் பிளஞ்சரை இன்னும் 1 மைக்ரோலிட்டர் பின்னுக்கு இழுங்கள். ஊசி காலியாகி, திரவம் முழுவதும் கண்ணாடிக்குள் வந்துவிடும். அந்தத் திரவத்தின் இரு முனைகளையும் கோடுகளில் படித்து அளவைக் குறித்துக்கொண்டு, சட்டென்று செலுத்தி உடனே ஊசியை வெளியே எடுங்கள்.

புதிதாக வாங்கும்போது 5 மைக்ரோலிட்டர் சிரிஞ்சே வாங்குங்கள். 1 மைக்ரோலிட்டருக்கான கோட்டிடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பாகும், கண்ணுக்கும் நிம்மதி.

கம்பியை விரலால் தொடாதீர்கள். நம் ஊர் வெயிலில் வியர்வை படாத விரல் ஏது? அது காய்ந்தால் பிளஞ்சர் சிக்கும். சிக்கினால் பலம்கொண்டு தள்ளாமல் கரைப்பானில் ஊறவையுங்கள். வளைந்த கம்பியை மேஜையில் உருட்டி நிமிர்த்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு நேராகத் தெரியும், குழலுக்குள் போனதும் கண்ணாடியைக் கீறும்.