இடிப்பதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: பழைய வீட்டை இடித்துவிட்டுப் 'பசுமைக் கட்டடம்' கட்டலாம் என்கிறார் எங்கள் இன்ஜினீயர். அவர் சொல்லும் 'உள்ளுறை கார்பன்', 'யு-மதிப்பு' எதுவும் புரியவில்லை. விளக்குங்களேன்.

பதில்: இடிப்பதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லது. நான் இடித்த பிறகு யோசித்தவன்.

நீங்கள் குடிபுகுந்து முதல் விளக்கைப் போடுவதற்குள்ளேயே உங்கள் வீட்டின் பெயரில் காற்றில் கலந்துவிட்ட கார்பன்தான் உள்ளுறை கார்பன். கல் உடைத்தது, கம்பி உருக்கியது, லாரியில் ஏற்றி வந்தது எல்லாம் இதில் சேரும். பெரும் பங்கு சிமென்ட்டுக்கும் கம்பிக்கும். சிமென்ட் சூளைக்குச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதற்கு எரிப்பதில் வரும் புகை ஒரு பக்கம்; அதைவிட அதிகம், சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது தானே வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு அப்படியேதான் இருக்கும்.

குடிபுகுந்த பிறகு ஏசி, விளக்கு, மோட்டார் வழியாகப் போவது 'பயன்பாட்டுக் கார்பன்'. அதை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வரலாம். முன்னது கான்கிரீட் கொட்டிய அன்றே செலவாகிவிட்ட கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய வீட்டை இடிக்க நானே கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை அடி கனத்தில் செங்கல் சுவர். கடப்பாரை போட்டால் பூச்சுதான் உதிர்ந்தது, கல் அசையவில்லை. மூன்று நாள் என்று சொன்ன வேலை ஒன்பது நாள் இழுத்தது. அப்புறம் அதே இடத்தில் புதிதாகக் கட்டி, வாசலில் 'பசுமைக் கட்டடம்' என்று பலகையும் மாட்டினோம்!

சரி, யு-மதிப்பு. இரண்டு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் சுவரையோ கண்ணாடியையோ எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற எண். குறைந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 பக்கம் வரும். நடுவே காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடிக்கு ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் நேர் வெயில் விழும் ஜன்னலுக்கு இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள், வெளியே நிழல் கொடுங்கள்.

உங்கள் இன்ஜினீயரிடம் இதைக் கேளுங்கள்: சுவரை வைத்துக்கொண்டு கூரையும் ஜன்னலும் மட்டும் மாற்றினால் எத்தனை மூட்டை சிமென்ட், முழுசாகக் கட்டினால் எத்தனை? அஸ்திவாரம் இறங்கி விரிசல் விட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

கேள்வி: வாசனையே இல்லாத பெயின்ட் என்றால் வி.ஓ.சி. இல்லை என்று அர்த்தமா?

பதில்: இல்லை. காயும்போது ஆவியாகிக் காற்றில் கலக்கும் கரிமச் சேர்மங்கள்தான் வி.ஓ.சி.; மூக்குக்குத் தெரியாதவையும் அதில் உண்டு. லிட்டருக்கு எத்தனை கிராம் என்று டப்பாவில் பாருங்கள்.