பாத்திக் கட்டு, பனைவெல்லக் காபி, பழைய சட்டை: ஜகார்த்தா ஸ்டைல் கேள்விகள்

கேள்வி: டி-ஷர்ட், ஸ்னீக்கரோடு பாத்திக் (மெழுகு, சாயத்தில் டிசைன் போட்ட) துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு போகும் ஜகார்த்தா இளைஞர்களின் வீடியோக்களைப் பார்க்கிறேன். நான் கட்டினால் பத்தடி நடப்பதற்குள் அவிழ்கிறதே?

பதில்: அங்கே இதற்கு 'பெர்காய்ன்' என்று பெயர். அவிழ்வதற்குப் பாதிக் காரணம் துணிதான். பாலியஸ்டர் பிரிண்ட் வழுக்கும், பருத்தி வாங்குங்கள். சுமார் இரண்டரை மீட்டர் நீளம், 105 செ.மீ. அகலம் இருக்கும். மூட்டிய கைலி மாதிரி அல்ல, இரு முனையும் திறந்தது.

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நின்று சுற்றுங்கள். சேர்த்து நின்று சுற்றினால் படியேறும்போது கீழ்ப்பக்கம் பிடித்து, இடுப்பில் இழுத்துவிடும். முதல் சுற்று இறுக்கம், இரண்டாவது சற்றுத் தளர்வு. மிஞ்சும் துணியை விசிறி மடிப்பாக்கி முன்னால் விடுங்கள். முடிச்சை நம்பாதீர்கள், அகலமான எலாஸ்டிக் பெல்ட் போட்டு, துணியின் மேல்விளிம்பை அதன்மேல் மடித்துவிட்டால் நாள் முழுக்க நிற்கும்.

மெழுகு கொண்டு கையால் வரைந்த பாத்திக்கில் இரு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பிரிண்டில் பின்பக்கம் வெளுத்திருக்கும். கையால் செய்ததை டிடர்ஜென்ட்டில் போடவே கூடாது. ஜாவாவில் பூந்திக்கொட்டை இனத்துக் காயான 'லெராக்' கரைசலில் அலசி, நிழலில் உலர்த்துகிறார்கள்.

ஸ்னீக்கரோடு கட்டுவதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது டிசைனைத்தான். சாய்கோடாக ஓடும் 'பராங்' ஜாவா அரச குடும்பத்துக்குரியது. 2022 டிசம்பரில் மத்திய ஜாவாவின் சோலோ நகரில் உள்ள மங்குநெகரன் அரண்மனையில், அன்றைய இந்தோனேசிய அதிபர் ஜோகோவியின் மகன் திருமண விழாவுக்குப் பராங் உடுத்தி வர வேண்டாம் என்று விருந்தினர்களிடம் முன்பே சொல்லிவிட்டார்கள். அரண்மனைக்குப் போகும் நாளில் வேறு டிசைன் கட்டுங்கள்.

கேள்வி: பனைவெல்லம் போட்ட ஐஸ் பால் காபியான 'எஸ் கோப்பி சூசு குலா அரேன்' வீட்டில் போட்டால் தண்ணீராகிவிடுகிறது. ஏன்?

பதில்: காபி நீர்க்க இருக்கிறது, ஐஸும் போதவில்லை (குறைவாகப் போட்டால் சீக்கிரம் உருகிவிடும்). தெற்கு ஜகார்த்தாவின் சிபேத்தேயில் 2015இல் தொடங்கிய துக்கு போன்ற கடைகள் பரப்பிய பானம் இது. 100 கிராம் அரேன் பனைவெல்லத்தை 100 மி.லி. நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். டம்ளரில் பாகு 25 மி.லி., விளிம்புவரை ஐஸ், குளிர்ந்த பால் 120 மி.லி., கடைசியில் எஸ்பிரெஸோ 40 மி.லி. மெஷின் இல்லையென்றால் அடுப்பில் வைக்கும் மோக்கா பாட் போதும். ரொபஸ்டா கலந்த தூள் நல்லது. வெறும் அராபிகா வெல்லத்தின் அடியில் அமுங்கிவிடும். வெல்லத்தைக் கட்டியாகப் போட்டால் குளிர்ந்த பாலில் கரையாது.

கேள்வி: ஜகார்த்தாவின் பசார் செனென் சந்தையில் பழைய துணி வாங்கலாமா?

பதில்: வெளிநாட்டுப் பழைய துணிகளை இறக்குமதி செய்வதற்குத்தான் இந்தோனேசியாவில் தடை. 2023இல் பொதி பொதியாகக் கைப்பற்றி எரித்தார்கள். அப்படியும் மோகம் குறையவில்லை. வாங்குவதானால் அக்குள், காலர், ஜிப் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் துணி தாங்குமானால் வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வாங்காதீர்கள், எத்தனை தடவை துவைத்தாலும் லேசில் போகாது.