செங்கோட்டைக் கடையிலிருந்து: கிழட்டு லேப்டாப்பும் நகத்தளவு அடாப்டரும்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் எங்கள் கடைக்கு இரண்டு சீக்குகள்தான் அதிகம் வரும். ஒன்று, அருவியில் நனைந்த செல்போன். இன்னொன்று, "வைஃபை விட்டு விட்டு வருது" என்று கொண்டுவரும் பழைய லேப்டாப். இந்த மாதக் கடிதங்களிலும் இரண்டாவதுதான் கூட்டம் கட்டி நிற்கிறது. பிரிண்டர் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் கல்லூரியில் சேர்ந்தபோது 2012-ல் வாங்கிய லேப்டாப். உள்ளே இருந்த வைஃபை போன வருஷம் செத்துவிட்டது. தென்காசியில் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கிறது. மாட்டினால் பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. பிடுங்கி மறுபடி மாட்டினால் வருகிறது. தொட்டால் சுடுகிறது. மகள் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வாணையத்தின் துளசி தளத்தில் விண்ணப்பம் போடும்போது பாதியில் அறுந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதாகிவிட்டது. கடைக்காரர் வேறொன்று மாற்றிக் கொடுத்தார், அதுவும் இதே கதைதான். விண்டோஸ் 10 போட்டிருக்கிறோம். லேப்டாப்பைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், ஆரியங்காவு

பதில்: அண்ணாச்சி, தூக்கிப்போடாதீர்கள். அடாப்டரையும் திட்டாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு அடாப்டர் ஒரே மாதிரி கெட்டுப்போவது அபூர்வம். ஒரு மணியார்டர் வந்து சேரவில்லை என்றால் வாங்க வேண்டியவரைக் குறை சொல்வீர்களா? எந்த ஆபீசில் நின்றது என்றுதானே பார்ப்பீர்கள். இங்கேயும் அதே வேலைதான்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, நெட் அறுகிற நேரம் வரை காத்திருங்கள். பென் டிரைவைப் பிடுங்கும்போது விண்டோஸ் இறங்குமுகமாக 'டி-டுங்' என்று ஒரு ஒலி எழுப்புமே, அது கேட்கிறதா? கேட்டால், யாரும் தொடாமலே அடாப்டர் லேப்டாப்பிடமிருந்து அறுந்துவிட்டது என்று அர்த்தம். துளையில் பிடிப்பு இல்லை, அல்லது மின்சாரம் போதவில்லை, அல்லது சூட்டில் அது தானாக மயங்கிவிட்டது. சத்தமே இல்லாமல் நெட் மட்டும் போனால், அடாப்டர் துளையில் உயிரோடுதான் இருக்கிறது. அதை விண்டோஸ் தூங்க வைத்திருக்கலாம், அல்லது சிக்னல் எட்டாமல் போயிருக்கலாம். இந்த ஒரு சத்தம் பாதி வேலையை முடித்துவிடும்.

சத்தம் இல்லாத வகையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரிசையில் உங்கள் யூஎஸ்பி அடாப்டர் இருக்கும். அதை இரண்டு தடவை கிளிக் செய்தால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம் வரும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தைக் கம்ப்யூட்டர் அணைக்கலாம் என்று அங்கே ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். அதே டிக் கீழே யூஎஸ்பி ரூட் ஹப் என்று வருகிற ஒவ்வொன்றிலும் உண்டு, அங்கேயும் எடுங்கள். பலரும் முதல் இடத்தில் எடுத்துவிட்டு ஹப்பை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதையும் நிறுத்திவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது மட்டும் நெட் அறுந்து, சார்ஜர் மாட்டினால் நன்றாக ஓடினால், சந்தேகமே வேண்டாம், இதுதான்.

ஆனால் சுடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் உங்களுடையது சத்தம் போடுகிற வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. நகத்தளவு அடாப்டருக்குள் ரேடியோவும் ஆன்டெனாவும் அடைந்து கிடக்கின்றன. சூடு வெளியேற இடமே இல்லை. போதாததற்கு, கிழட்டு லேப்டாப்பின் சூடும் அந்தப் பக்கமாகத்தான் வருகிறது. ரவுட்டர் தூரத்தில் இருந்தால் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி இன்னும் சூடாகும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே அறுகாமல் ஓடினால், தூரமும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை இது.

மருந்து சின்னதுதான். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, அதன் நுனியில் அடாப்டரை மாட்டி, ஜன்னல் பக்கமோ அலமாரி மேலோ வையுங்கள். லேப்டாப் சூடு ஒட்டாது, காற்றுப் படும், சிக்னலும் கூடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் லேப்டாப்பில் நீலநிறத் துளை ஏதாவது இருக்கிறதா? நீலம் பெரும்பாலும் யூஎஸ்பி 3. அந்தத் துளையும் அதில் மாட்டுகிற ஹார்டு டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த மாதிரிச் சின்ன அடாப்டரின் வைஃபையும் பெரும்பாலும் அதே 2.4-ல்தான் பேசுகிறது. திருவிழா மைக்செட் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுகிற கதை. அதனால் கறுப்புத் துளையில் மாட்டுங்கள். யூஎஸ்பி 2 வேகம் 480 மெகாபிட், உங்கள் நகத்தளவு அடாப்டருக்குப் பெரும்பாலும் 150 மெகாபிட்டுக்கு மேல் வராது. கறுப்பே தாராளம்.

ஒயர் போட்டும் அறுந்தால் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். யூஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்த போர்டு அந்த அளவுக்குக் கொடுக்காமல் திணறலாம். மவுஸ், பென் டிரைவ், கூலிங் ஃபேன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடாப்டரை மட்டும் வைத்துப் பாருங்கள். அப்படி நின்று ஓடினால், தனி சார்ஜரோடு வருகிற யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்கி அதில் மாட்டிவிடுங்கள்.

இனி என் மானம் போன கதை. சில வருஷம் முன்னால் ஒரு கல்லூரிப் பையனுக்கு இதே கோளாறு. மூன்று நாளில் மூன்று அடாப்டர் மாற்றிக் கொடுத்தேன். நாலாவது நாள் அவன் மாமா வந்து, "உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டார். பார்க்கவில்லை! அடித்துப் பார்த்தால், துளைக்குள் இருக்கிற நாலு பித்தளைப் பட்டைகளில் ஒன்று பச்சை பூத்துக் கிடக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நம்ம பக்கம் சுவரே வியர்க்கும், துளை பூக்காமல் என்ன செய்யும். உங்கள் ஆரியங்காவு எங்களைவிட ஈரம். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷில் தொட்டு அந்தப் பட்டைகளை மட்டும் துடையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். கால் மணி நேரம் காயவிட்டுப் பேட்டரியைப் போடுங்கள். ஊக்கு வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதையும் ஒருவர் செய்துவிட்டுக் கொண்டுவந்தார், அதனால்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. 2012 பிராசஸருக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, எட்டாம் தலைமுறை இன்டெல்லாவது வேண்டும். அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை பார்ப்பதாக இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச உபுண்டு பற்றி வருகிற அடுத்த கடிதத்தையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி கம்ப்யூட்டர்களில் உபுண்டு வகைதான். பழகிவிட்டதால் வீட்டிலுள்ள பழைய லேப்டாப்பிலும் உபுண்டு 22.04 போட்டேன். புதிதாக வாங்கிய வைஃபை அடாப்டரை மாட்டினால் திரையில் ஒரு சிடி படம் வருகிறது, வைஃபை வரவில்லை. அடாப்டர் கேடாயிப்போச்சா?
– ஆசிரியை, தென்மலை

பதில்: டீச்சர், கேடாகவில்லை, கடைக்குக் கொடுக்காதீர்கள். கேரளப் பள்ளிகளில் இலவச மென்பொருளைப் பழக்கியதன் பலனை எங்கள் கடையில் நான் தினமும் பார்க்கிறேன். கழுதுருட்டியிலிருந்து வருகிற பையன்கள் கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டே கோளாறு சொல்கிறார்கள், இங்கே எங்கள் பையன்கள் ஸ்டார்ட் பொத்தானைத் தேடுகிறார்கள்.

உங்கள் அடாப்டருக்குள் விண்டோஸுக்கான டிரைவரை, அதாவது அடாப்டரை ஓட்டுகிற மென்பொருளை, ஒரு பொய் சிடியில் வைத்துத் தந்திருக்கிறார்கள். மாட்டியதும் அது சிடி வேஷத்தில்தான் நிற்கும். விண்டோஸில் டிரைவர் ஏறியதும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக மாறும். உபுண்டுவில் நீங்கள்தான் கலைக்க வேண்டும். அந்தச் சிடி படத்தின் மேல் வலது கிளிக் செய்து இஜெக்ட் கொடுங்கள், சிடியைக் கழற்றுவது போலத்தான். பலமுறை அதுவே போதும். ஒவ்வொரு தடவையும் இப்படிச் செய்ய அலுத்தால், யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற சின்ன மென்பொருள் அந்த வேலையைப் பார்க்கும்.

வேஷம் கலைந்தும் வைஃபை வரவில்லை என்றால், உபுண்டுவுக்கு அடித்தளமான லினக்ஸ் கெர்னல் பழசாக இருக்கலாம். ரியல்டெக் 8821சியூ, 8822பியூ மாதிரியான யூஎஸ்பி சிப்களுக்கு டிரைவர் லினக்ஸ் கெர்னல் 6.2-லிருந்துதான் உள்ளேயே வருகிறது. உபுண்டு 22.04 முதலில் வந்தது 5.15 கெர்னலோடு. 24.04-க்கு மாறினால் 6.8 அல்லது அதைவிடப் புதுசு கிடைக்கும். நெட் இல்லாமல் எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். டிரைவர் எதுவும் கேட்காமல் நெட் வந்துவிடும்.

கேள்வி: மில் லேப்டாப்பில் அடாப்டர் வைத்திருக்கிறோம். வைஃபை கனெக்டட் என்று காட்டுகிறது, கோடு நாலும் நிற்கிறது. ஆனால் சரக்கு லாரிக்கு எடுக்க வேண்டிய ஈ-வே பில் தளம் திறக்கவில்லை, எந்தத் தளமும் திறக்கவில்லை. லோடு ஏற்றிய லாரி காலையிலிருந்து நிற்கிறது. போனில் அதே வைஃபை நன்றாக ஓடுகிறது.
– மர அறுவை மில் கணக்கர், செங்கோட்டை

பதில்: தம்பி, திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். என்ன வருஷம் காட்டுகிறது? உங்கள் மில்லிலிருந்து போன வருஷம் வந்த லேப்டாப் 2009 ஜனவரியில் உட்கார்ந்திருந்தது. பாதுகாப்பான தளங்கள் எல்லாமே ஒரு சான்றிதழைக் காட்டும், அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. லேப்டாப் 2009 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இன்னும் பிறக்காத சான்றிதழை எப்படி நம்பும்? கதவைச் சாத்திவிடும்.

இப்போதைக்குத் தேதியையும் நேரத்தையும் கையால் சரி செய்து பில்லைப் போட்டு லாரியை அனுப்புங்கள். கேரள எல்லையில் புளியரை தாண்டும்போது பில் கையில் இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம், 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கென்றால் பில் வேண்டும். அப்புறம் உள்ளே இருக்கிற நாணயம் மாதிரி பேட்டரியை மாற்றுங்கள். அநேகமாக சிஆர்2032 என்று இருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கிறது. சில லேப்டாப்பில் அதற்கு ஒயரும் சேர்த்துத் தைத்திருப்பார்கள், அதனால் பழசைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மாற்றாவிட்டால், சார்ஜரைக் கழற்றி மில்லைப் பூட்டுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப் பழையபடி 2009-க்குப் போய்விடலாம்.

கேள்வி: வீட்டில் புது ஃபைபர் ரவுட்டர் வைத்தார்கள். போனில் எங்கள் வைஃபை பெயர் தெரிகிறது. பழைய அடாப்டரில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, எங்கள் பெயரைத் தவிர!
– வாசகி, புளியரை

பதில்: அம்மா, உங்கள் அடாப்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கிற வகை. ரவுட்டர் 5-ல் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ரவுட்டர் செட்டிங்கில் 2.4-ஐயும் ஆன் செய்யச் சொல்லுங்கள். அது ஏற்கெனவே ஆனில் இருந்தால், சேனல் 12 அல்லது 13-ல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில அடாப்டர்கள் 11-க்கு மேல் பார்க்காது. 1, 6, 11 இதில் ஒன்றை வைக்கச் சொன்னால் போதும். பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தால், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கும். டபிள்யூபிஏ2-வையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஃபைபர் மாட்டவந்த பையன் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் இதைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இப்போதும் போன் போட்டால் வருவான்.