நெரிசலில் மட்டும் சூடேறும் கார்: முதலில் தெர்மோ சுவிட்சைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் 20 ஆண்டு பழைய பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் சீராக ஓடுகிறது, சிக்னலில் நின்றால் வெப்பமுள் சிவப்பை நெருங்குகிறது, ஏசி போட்டால் இறங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் குறிப்புதான் மிக முக்கியமானது.

வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. அப்போது சூடு கட்டுக்குள் இருப்பதால், கூலன்ட்டை (குளிர்விக்கும் திரவத்தை) ஓடவைக்கும் வாட்டர் பம்பும் அதன் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. நிற்கும்போது ரேடியேட்டரின் மின்விசிறி ஒன்றே துணை. ஏசி போட்டதும் வேறு கட்டளையால் அது சுற்றி முள்ளை இறக்குகிறது என்றால் அதன் மோட்டாரில் பழுதில்லை. சூட்டை உணர்ந்து அதை இயக்க வேண்டிய தெர்மோ சுவிட்ச்தான் கட்டளை கொடுக்கவில்லை என்பது என் கணிப்பு.

பழைய வண்டிகள் பலவற்றில் இந்தச் சுவிட்ச் ரேடியேட்டரின் பக்கவாட்டிலேயே திருகப்பட்டிருக்கும். என்ஜின் ஆறியபின் அதன் கனெக்டரைக் கழற்றி, முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கம்பி மட்டுமே உள்ள வகையென்றால், இக்னிஷனைப் போட்டுவிட்டு, கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்துப் பாருங்கள். விசிறி சுற்றினால் சுவிட்சை மாற்றிவிடலாம். சுற்றாவிட்டால், விசிறிக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலேயையும் வயரிங்கையும் சோதிக்க வேண்டும். கையை விசிறியருகே கொண்டுபோகாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி விலகிய நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.