மாலையானால் குதிரையை லாயத்தில் அடைக்கச் சொல்வது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் புதிதாகக் குதிரை வாங்கியவர், கோடையில் இரவும் மேயவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். இங்கே ஆப்பிரிக்கக் குதிரை நோய் உண்டு. குதிரைக்குக் குதிரை நேராகத் தொற்றாத இந்த வைரஸைப் பரப்புவது கொசுவைவிடச் சிறிய ஒரு கடிப்பூச்சி. அந்தி முதல் விடியல்வரை அதன் ராஜ்யம்தான். சாதாரணக் கொசுவலையில் அது தாராளமாக நுழைந்துவிடும். லாயத்துச் சன்னலுக்கு இன்னும் நெருக்கமான வலை கட்டுங்கள், பூச்சிவிரட்டியும் பூசுங்கள்.

தடுப்பூசிக்கு ஏற்ற காலம் ஜூன் முதல் அக்டோபர்வரை. இரண்டு ஊசிகள், இடையே குறைந்தது 3 வாரம். போட்ட குதிரைக்கும் நோய் வரலாம் என்பதால் நோய்ப்பருவத்தில் தினமும் காய்ச்சல் பாருங்கள். தினமும் பார்ப்பது சலிப்பாகத் தோன்றும், ஆனால் இதைவிட மலிவான காப்பு இல்லை. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 38.5 பாகை செல்சியஸைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

கண்ணுக்கு மேலுள்ள குழியைத் தொட்டுப் பாருங்கள். விரல் பதிய வேண்டிய அந்த இடம் உப்பி மேடாகியிருந்தால் இதயத்தைத் தாக்கும் வகை. மூக்கில் நுரை தள்ளினால் நுரையீரல் வகை. சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். குதிரையை நடத்தாமல் மருத்துவரை அழையுங்கள். அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.